ஓடிப்போனதும் திரும்பி வந்ததும்: ரஷீத் மெக்லூஃபி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1958ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பிரெஞ்சு அணியின் இளம் வீரர் ஒருவர் நாட்டைவிட்டு மறைந்தார். பிரான்ஸ் யாரோடு போரிட்டுக்கொண்டிருந்ததோ அந்தத் தரப்பின் அணியில் போய்ச் சேர்ந்தார். இதுவரை பலருக்கும் தெரிந்திருக்கும். போர் முடிந்ததும் அதே பிரெஞ்சு நகரத்துக்கு, அதே பச்சைச் சட்டைக்கு அவர் திரும்பி வந்து இன்னும் மூன்று லீக் பட்டங்கள் வென்றார் என்பதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. கேள்விகளெல்லாம் ஓடிப்போன கதையைச் சுற்றியே வருகின்றன. திரும்பி வந்ததுதான் பெரிய காரியம் என்பது என் கட்சி. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

யார் இந்த மெக்லூஃபி?

ரஷீத் மெக்லூஃபி 1936 ஆகஸ்ட் 12 அன்று அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரில் பிறந்தவர். முன்கள வீரர். கோல் அடிப்பதைப் போலவே அடுத்தவருக்குக் கோல் அமைத்துக் கொடுப்பதிலும் கெட்டிக்காரர். பிரான்சின் சென்ட் எத்தியென் கிளப்புக்காக 1954 முதல் 1958 வரையும், பிறகு 1962 முதல் 1968 வரையும் விளையாடினார். அந்தக் கிளப்போடு 1957, 1964, 1967, 1968 என நான்கு முறை பிரெஞ்சு லீக் பட்டம் வென்றார். பிரான்ஸ் தேசிய அணிக்காக நான்கு ஆட்டங்கள். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அல்ஜீரியாவின் விடுதலைக்காக பிரான்சோடு போரிட்ட தேசிய விடுதலை முன்னணி அமைத்த அணிக்காக ஊர் ஊராகச் சுற்றினார். 2024 நவம்பர் 8 அன்று, 88ஆம் வயதில் காலமானார்.

அவர் பிரெஞ்சுக்காரரா, அல்ஜீரியரா?

எந்த ஆண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

1962 வரை அல்ஜீரியா என்ற தனிநாடு கிடையாது. இந்தியாவை ஆங்கிலேயர் வைத்திருந்ததைப் போல அல்ஜீரியா ஒரு காலனி என்றுகூட பிரான்ஸ் சொல்லிக்கொள்ளவில்லை. பிரான்சின் ஒரு பகுதி, மத்தியதரைக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் மாவட்டங்கள் என்றே சொன்னது. ஆகவே செத்தீஃபில் பிறந்த பையன் காகிதத்தில் பிரெஞ்சுக்காரன்தான். பிரெஞ்சு அணிக்கு அவனைத் தேர்ந்தெடுக்க எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

காகிதத்துக்கு வெளியே நிலைமை வேறு. 1947இல் உருவான அல்ஜீரிய சட்டமன்றத்தில் 120 இடங்கள். அதில் 60 இடங்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் குடியேறிகள் வாக்களிக்கும் தொகுதிக்கு. மீதி 60 முஸ்லிம் மக்களின் தொகுதிக்கு. முஸ்லிம்களின் எண்ணிக்கையோ குடியேறிகளைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அந்தத் தேர்தல்களிலும் கள்ள வாக்கு தாராளம். கோல் அடிக்கும்போது பிரெஞ்சுக்காரன், வாக்களிக்கும்போது ஒன்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செத்தீஃப் என்ற ஊரை எல்லோரும் அழுத்திச் சொல்கிறார்களே, ஏன்?

1945 மே 8. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த நாள். பாரீசில் மக்கள் தெருவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். செத்தீஃபிலும் ஊர்வலம் கிளம்பியது. அதில் அல்ஜீரியக் கொடியும் வந்தது. கொடியைப் பிடித்திருந்த சாரணர் இளைஞரைப் போலீஸ் சுட்டது. கூட்டம் கொதித்துக் குடியேறிகளைத் தாக்கியது; சுமார் நூறு ஐரோப்பியர் கொல்லப்பட்டார்கள். பதிலுக்கு ராணுவமும் ஆயுதம் ஏந்திய குடியேறிகளும் வாரக்கணக்கில் நடத்திய வேட்டையில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர்கள் மாண்டார்கள். எத்தனை ஆயிரம் என்பதில் இன்றுவரை சண்டை: பிரெஞ்சு அரசு அன்று சொன்னது ஆயிரத்துச் சொச்சம்; அல்ஜீரியா சொல்வது 45,000.

அப்போது மெக்லூஃபிக்கு எட்டு வயது, அதே ஊர். ஒன்பது ஆண்டு கழித்து அவர் பிரான்சுக்குக் கப்பல் ஏறும்போது பெட்டியில் காலணிகளோடு இந்த நினைவும் போயிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய புத்தி தேவையில்லை. ஆனால் 1945இல் பார்த்ததால்தான் 1958இல் ஓடினார் என்று நேர்கோடு போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. இடையில் ஒரு பதின்வயதுப் பையன் பிரான்சில் பந்து ஆடி, பட்டம் வென்று, சந்தோஷமாகவும் இருந்திருக்கிறான்.

சென்ட் எத்தியெனுக்கு எப்படி வந்தார்?

1954இல், பதினெட்டு வயதை ஒட்டி, தேர்வு ஆட்டத்துக்கு வந்தார். பயிற்சியாளர் ழான் ஸ்னெல்லாவுக்குப் பிடித்துப்போனது. வந்த சில மாதங்களில், அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, அல்ஜீரியாவில் விடுதலைப் போர் தொடங்கியது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். சென்ட் எத்தியென் அழகுக்குப் பெயர்போன நகரம் அல்ல. நிலக்கரிச் சுரங்கம், இரும்பு, சைக்கிள், துப்பாக்கி, உழைப்பாளிகளின் ஊர். சுரங்கத்திலும் ஆலையிலும் அல்ஜீரியத் தொழிலாளர்களும் நிறைய இருந்தார்கள். கிளப் பிறந்தது காசினோ என்ற மளிகைக் கடைத் தொடரின் ஊழியர்களிடையே. அணியின் பச்சை நிறம் அந்தக் கடையின் நிறம். மைதானத்தின் பெயர் அந்தக் கடையை நிறுவிய ஜெஃப்ருவா கிஷாரின் பெயர். ஊரின் அரசு ஆயுதத் தொழிற்சாலை இன்னொரு பெருமை. பிரெஞ்சு ராணுவத்தின் 'மாஸ்' துப்பாக்கிகளின் பெயரே அந்தத் தொழிற்சாலையின் முதலெழுத்துகள்தாம். அல்ஜீரிய மலைகளில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்ததும் அதே துப்பாக்கி.

இந்த ஊரில் ஸ்னெல்லா அழகான ஆட்டத்தைக் கட்டினார். மெக்லூஃபிக்குத் துணையாக கேமரூனிலிருந்து வந்த யூஜின் ஞோ லியா. அல்ஜீரியர் ஒருவர், கேமரூனியர் ஒருவர் என இருவரும் முன்னால் நின்று ஆடிய அணி 1957இல் கிளப்பின் முதல் லீக் பட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1956இல், மெக்லூஃபி பிரெஞ்சுத் தேசிய அணிச் சட்டையை அணிந்துவிட்டார். கட்டாய ராணுவ சேவைக்குப் போனபோது விளையாட்டு வீரர்களுக்கான ழுவான்வில் படைப்பிரிவில் சேர்ந்தார். 1957இல் பியூனஸ் ஐரஸில் நடந்த உலக ராணுவக் கால்பந்துப் போட்டியில் பிரெஞ்சு ராணுவ அணி வென்றபோது அதிலும் இருந்தார். இந்த ராணுவ சேவைதான் பின்னால் அவர் கழுத்தில் கத்தியாக வந்து நின்றது.

போர் நடக்கும்போது அல்ஜீரிய வீரர்கள் பிரான்சில் எப்படி நிம்மதியாக விளையாடினார்கள்?

நிம்மதி என்று யார் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை கைதட்டு, திங்கட்கிழமை தெருவில் போலீஸ் நிறுத்தி அடையாள அட்டை கேட்பது. இன்னொரு பக்கம், தேசிய விடுதலை முன்னணி பிரான்சிலிருந்த அல்ஜீரியர்களிடம் போருக்காகப் பணம் வசூலித்தது. கால்பந்து வீரர்களும் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள்.

போர் மைதானத்துக்கே வந்த நாளும் உண்டு. 1957 மே 26, பாரீசை அடுத்த கொலொம்ப் மைதானத்தில் பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டம், துலூஸ் அணிக்கும் ஆன்ழே அணிக்கும். துலூஸ் 6-3 என்று வென்றது. ஆட்டம் முடிந்து வெளியேறும்போது, பிரான்சின் பக்கம் நின்ற அல்ஜீரியப் பிரமுகர் அலி செக்காலை விடுதலை முன்னணியைச் சேர்ந்த இளைஞர் சுட்டுக்கொன்றார். அன்று துலூஸுக்காக ஆடிய பிராஹிமியும் பூசூக்கும் அடுத்த ஆண்டு மெக்லூஃபியோடு நாட்டைவிட்டு வெளியேறியவர்கள். கொலொம்ப் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1958 ஏப்ரலில் என்னதான் நடந்தது?

திட்டம் போட்டவர் முகமது பூமெஸ்ராக், முன்னாள் தொழில்முறை வீரர். பிரான்சில் ஆடும் அல்ஜீரிய வீரர்களில் சிறந்தவர்களை ஒரே நேரத்தில், சத்தமில்லாமல் வெளியே எடுத்து, அண்டை நாடான துனிசியாவின் தலைநகர் துனிஸில் ஓர் அணியாக நிறுத்த வேண்டும் என்பதே அவர் யோசனை. ஒவ்வொருவராகப் போனால் செய்தித்தாளில் நாலு வரி. பத்துப் பேர் ஒன்றாகப் போனால் உலகச் செய்தி.

நாள் பார்த்ததிலும் கணக்கு இருந்தது. ஏப்ரல் 16 அன்று பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பாரீசில் நட்பு ஆட்டம். ஜூனில் சுவீடனில் உலகக் கோப்பை. மொனாக்கோ அணியின் தடுப்பாட்டக்காரர் முஸ்தஃபா ஜிதூனி பிரெஞ்சு அணியின் தூண்களில் ஒருவர். மெக்லூஃபியும் உலகக் கோப்பைக்கான ஆரம்பப் பட்டியலில் இருந்தார்.

ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. மெக்லூஃபிக்குச் சொந்த மைதானத்தில் பெசியே அணியோடு ஆட்டம். ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போய்விட்டார்! மறுநாள் காலை முக்தார் அரிபியும் லியோன் அணியின் அப்துல் ஹமீத் கெர்மாலியும் அவரைத் தேடி வந்தார்கள். இருவருமே செத்தீஃப்காரர்கள், ஊர் அண்ணன்கள். தலையில் கட்டோடு இருந்தவரைக் காரில் ஏற்றிக்கொண்டு சுவிஸ் எல்லைக்கு விட்டார்கள். எல்லைக் காவலர்கள் அவரை அடையாளம் கண்டும் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்வார்கள். வீரர்கள் காணாமல் போன செய்தி அப்போதுதான் வானொலியில் கசியத் தொடங்கியிருந்தது. அவர்கள் காதுக்கு எட்டவில்லை. சுவிட்சர்லாந்திலிருந்து ரோம், ரோமிலிருந்து துனிஸ். மொனாக்கோ வீரர்கள் பக்கத்திலேயே இருந்த இத்தாலி எல்லை வழியாகப் போனார்கள்.

எல்லாம் வழுவழுப்பாக முடியவில்லை. மொனாக்கோவின் ஹசன் ஷாப்ரி எல்லையில் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். ரைம்ஸ் அணியின் முகமது மவூஷாலும் அந்த முறை தப்ப முடியவில்லை. பின்னர்தான் அணியில் சேர்ந்தார்.

மெக்லூஃபியின் நிலை மற்றவர்களைவிட மோசம். மற்றவர்கள் முறித்தது கிளப் ஒப்பந்தத்தை. இவர் சீருடையில் இருந்த சிப்பாய். போர்க்காலத்தில் படையைவிட்டு ஓடியவர் என்ற குற்றம் இவர் மேல் வந்து விழுந்தது.

அவரை மிரட்டி அழைத்துப் போனார்களா?

அன்றைய பிரெஞ்சுப் பத்திரிகைகள் சில அப்படி எழுதத்தான் செய்தன. மெக்லூஃபி அதைப் பின்னாளில் ஏற்றதில்லை.

ஆனாலும் கேள்வியைக் கேலி செய்து ஒதுக்க மாட்டேன். பிரான்சில் விடுதலை முன்னணி மென்மையான சங்கம் ஒன்றும் அல்ல. போட்டி அமைப்போடு அது நடத்திய 'காபிக் கடைச் சண்டை'களில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர்கள் அல்ஜீரியர்கள் கையாலேயே செத்தார்கள். அப்படிப்பட்ட அமைப்பு ஓர் இருபத்தொரு வயது இளைஞரிடம் ஆளை அனுப்பி 'கிளம்பு' என்றால், அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. வந்தவர்கள் சிறு வயதிலிருந்து அண்ணாந்து பார்த்த ஊர் அண்ணன்கள் வேறு. விருப்பம் எங்கே முடிந்தது, மறுக்க முடியாமை எங்கே தொடங்கியது என்று தராசு வைத்து நிறுக்க நம்மால் ஆகாது. நான்கு ஆண்டுகள் அந்த அணியோடு நின்றார் என்பதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவர்கள் இருந்திருந்தால் 1958 உலகக் கோப்பையை பிரான்ஸ் வென்றிருக்குமா?

இந்தக் கேள்வி வராத நாளில்லை. என் பதில்: மெக்லூஃபி இருந்திருந்தாலும் வென்றிருக்காது; ஜிதூனி இருந்திருந்தால், ஒருவேளை.

சுவீடனில் பிரான்சுக்கு முன்களத்தில் பஞ்சமே இல்லை. கோப்பா, ஃபொன்தேன், பியந்தோனி. ஃபொன்தேன் மட்டும் 13 கோல் அடித்தார். இன்றுவரை ஒரே உலகக் கோப்பையில் யாரும் எட்டாத எண்ணிக்கை. அந்த வரிசையில் மெக்லூஃபிக்கு நிச்சயமான இடம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பிரான்சின் ஓட்டை பின்னால்தான். பிரேசிலோடு நடந்த அரையிறுதியில் தடுப்பாட்டத் தலைவர் ழோன்கேயின் கால் முறிந்தது. மாற்று வீரர் இறக்கும் வழக்கம் அப்போது இல்லை. பதினேழு வயதுப் பெலே மூன்று கோல் போட, 5-2 என்று பிரேசில் வென்றது. பிரான்சுக்கு மூன்றாம் இடம். அங்கே ஜிதூனி நின்றிருந்தால் பெலேயின் கதையில் ஒரு பக்கம் வேறுமாதிரி எழுதப்பட்டிருக்கலாம். அதற்கு மேல் போனால் அது ஜோசியம்.

பழைய சகவீரர்கள் கோபித்துக்கொண்டார்களா?

சுவீடனிலிருந்து கோப்பாவும் ஃபொன்தேனும் பியந்தோனியும் கையெழுத்திட்ட தபால் அட்டை ஒன்று துனிஸில் இருந்த ஜிதூனிக்கு வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அரசாங்கங்கள் சுட்டுக்கொண்டிருந்தபோது விளையாட்டுக்காரர்கள் நலம் விசாரித்துக்கொண்டார்கள். ஃபொன்தேன் மொரோக்கோவின் மராக்கெஷில் பிறந்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

விடுதலை முன்னணியின் அணி யாரோடு விளையாடியது?

யார் துணிந்தார்களோ அவர்களோடு. பிரெஞ்சுக் கால்பந்துச் சம்மேளனம் ஃபிஃபாவிடம் முறையிட, இந்த அணியோடு விளையாடும் நாடுகள் தண்டிக்கப்படும் என்று ஃபிஃபா எச்சரித்தது. ஆகவே உலகம் இரண்டாகப் பிரிந்தது. துனிசியா, மொரோக்கோ, லிபியா, ஈராக், ஜோர்டான் போன்ற அரபு நாடுகள் வரவேற்றன. கிழக்கு ஐரோப்பியக் கம்யூனிஸ்ட் நாடுகள் வரவேற்றன, ஆனால் கைகாலை மடக்கிக்கொண்டு. தேசிய அணி என்ற பெயரை விட்டுவிட்டு ஒரு நகரத் தேர்வு அணி என்றோ தொழிற்சங்க அணி என்றோ பெயர் சூட்டிக் களம் இறக்கின. 1959இல் சீனாவுக்கும் வட வியட்நாமுக்கும் போனார்கள். பிரான்சை தியன் பியன் ஃபூவில் வென்று ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்த வியட்நாமில் ஹோ சி மின்னும் தளபதி ஜியாப்பும் அவர்களைச் சந்தித்தார்கள்.

வீரர்களுக்கு ஆட்டத்தைவிட முக்கியமானது ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நிமிடம். அல்ஜீரியக் கொடி ஏற வேண்டும், 'கஸ்ஸமன்' என்ற தேசிய கீதம் ஒலிக்க வேண்டும். இல்லாத நாட்டுக்குக் கொடி ஏற்ற விருந்தோம்பும் அரசு தயங்கிய இடங்களில், ஏற்றினால்தான் ஆடுவோம் என்று வாதாடினார்கள். ஐக்கிய நாடுகள் சபையில் தூதர்கள் மாதக்கணக்கில் கேட்டுக் கிடைக்காத ஒன்றை, ஒரு கால்பந்து அணி சனிக்கிழமை மாலை வாங்கிக்கொண்டு வந்தது.

ஆட்டத்திலும் சோடையில்லை. 1961இல் பெல்கிரேடில் யூகோஸ்லாவியாவை 6-1 என்று வீழ்த்தினார்கள். அன்று யூகோஸ்லாவியா ஐரோப்பாவின் முன்னணி அணிகளில் ஒன்று. இந்த அணி புரட்சியைப் பத்து ஆண்டு முன்னே தள்ளிவிட்டது என்று விடுதலை முன்னணி அமைத்த தற்காலிக அரசின் தலைவர் ஃபெர்ஹாத் அப்பாஸ் சொன்னதாக ஒரு கூற்று உலவுகிறது. அப்பாஸ் செத்தீஃபில் மருந்துக்கடை வைத்திருந்தவர். மறுபடியும் செத்தீஃப்!

அந்த நான்கு ஆண்டுகள் அவருடைய ஆட்டத்துக்கு நஷ்டம்தானே?

ஆம். இருபத்தொன்று முதல் இருபத்தைந்து வரை ஒரு முன்கள வீரனுக்கு எவ்வளவு விலை உயர்ந்த வயது! அதை லீக் இல்லாமல், பட்டம் இல்லாமல், பலமும் பலவீனமும் கலந்த எதிரணிகளோடு கழித்தார். தொழில் என்ற கணக்கில் நஷ்டம். மறைக்க வேண்டியதில்லை, மறைத்தால் அவர் கொடுத்தது என்ன என்பதே தெரியாமல் போகும்.

திரும்பி வர எப்படி முடிந்தது?

1962 மார்ச் 18 அன்று பிரான்சுக்கும் விடுதலை முன்னணிக்கும் இடையே எவியான் ஒப்பந்தம் கையெழுத்தானது; மறுநாள் போர்நிறுத்தம். ஒப்பந்தத்தோடு வந்த பொதுமன்னிப்பு பழைய வழக்குகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஜூலை 5 அன்று அல்ஜீரியா சுதந்திர நாடு. பழைய வீரர்கள் மீண்டும் தொழில்முறைக் கால்பந்துக்கு வரக் கதவு திறந்தது.

மெக்லூஃபி முதலில் நேராக பிரான்சுக்குப் போகவில்லை. ஜெனீவாவின் செர்வெத் கிளப்புக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் யார் என்றால், ஸ்னெல்லா! பழைய ஆசான் வீட்டுத் திண்ணையில் சற்று இளைப்பாறினார் என்று சொல்லலாம்.

அந்த நேரத்தில் சென்ட் எத்தியெனின் கதையே வேடிக்கை. 1962இல் பிரெஞ்சுக் கோப்பையை வென்றார்கள். அதே பருவத்தில் லீக்கில் சறுக்கி இரண்டாம் பிரிவுக்கும் இறங்கினார்கள். கிளப் தலைவர் ரொழே ரொஷே மேலே ஏற ஆள் தேடினார். அவர் மனத்தில் வந்த பெயர் மெக்லூஃபி.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். 1962 ஆகஸ்டில்தான் பாரீசுக்கு வெளியே ஜனாதிபதி டி கோலின் காரைத் தோட்டாக்களால் சல்லடையாக்கினார்கள், அல்ஜீரியாவைக் கைவிட்டார் என்று வெறிகொண்ட கும்பல். அல்ஜீரியாவிலிருந்து லட்சக்கணக்கான குடியேறிகள் கையில் கிடைத்த பெட்டியோடு பிரான்சில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு இளைஞர்கள் அந்தப் போருக்குக் கட்டாயச் சேவையில் போய் வந்திருந்தார்கள். சுமார் 25,000 பிரெஞ்சுச் சிப்பாய்கள் திரும்பவே இல்லை. மாண்ட அல்ஜீரியர்களோ லட்சக்கணக்கில். இந்தச் சூட்டில், படையைவிட்டு எதிர்த்தரப்புக்குப் போன ஒருவரை அழைத்து வந்து, துப்பாக்கி செய்யும் ஊரின் மைதானத்தில் இறக்குவது என்றால்? ரொஷேவுக்கு மிரட்டல்கள் வந்ததாகச் சொல்கிறார்கள். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மைதானமே மௌனமாக இருந்தது என்கிறார்களே, உண்மையா?

மெக்லூஃபியே பல முறை சொன்ன கதை இது. 1962இன் இறுதியில் ஜெஃப்ருவா கிஷார் மைதானத்துக்குள் அவர் மறுபடி நடந்து வந்தபோது கைதட்டும் இல்லை, கூச்சலும் இல்லை. ஊசி விழுந்தால் கேட்கும். பந்து முதன்முதலாக அவர் காலுக்கு வந்தது. எடுத்தார், ஒருவரை ஏய்த்தார், பந்தைச் சகவீரனுக்குக் கொடுத்தார். அரங்கம் வெடித்தது. அதோடு சரி.

கதைகள் சொல்லச் சொல்ல வழவழப்பாகும் என்பது தெரியும். இருந்தாலும் இதை நான் நம்புகிறேன். காரணம், அந்த மௌனம். வெறும் வரவேற்பாக இருந்திருந்தால் புனைவு என்று நினைத்திருப்பேன். அந்தப் படிகளில் மகனை இழந்த தந்தை இருந்திருக்க வேண்டும். ஒரே சுரங்கத்தில் அல்ஜீரியர்களோடு தோளுரசி வேலை செய்தவன் இருந்திருக்க வேண்டும். அல்ஜீரியத் தொழிலாளியும் இருந்திருக்க வேண்டும். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாத அரைநிமிடம் அது. முதலில் முடிவெடுக்க வேண்டியிருந்தவர் மைதானத்தில் நின்ற அந்த ஒருவர்தான்; அவரிடம் இருந்தது ஒரு பந்து.

துனிஸுக்குப் போனபோது கூடவே பத்துப் பேர் இருந்தார்கள், பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. இங்கே தனியாக வந்தார். அல்ஜீரியாவில் 'பகைவன் வீட்டுக்கே போய்விட்டானா' என்று முணுமுணுத்தவர்களும் இருந்திருப்பார்கள். இரு கரையிலும் சந்தேகத்தைத் தாங்கிக்கொண்டு ஆடுவது, இரவில் எல்லை தாண்டுவதைவிடக் கடினம்.

திரும்பியபின் பழைய மெக்லூஃபியா?

இல்லை, வேறொருவர். பழைய ஓட்டம் குறைந்திருந்தது, கண் கூர்மையாகியிருந்தது. கோல் பசியைக் கொஞ்சம் விட்டு ஆட்டத்தைக் கட்டும் வேலைக்கு வந்தார். அணி 1963இல் முதல் பிரிவுக்கு ஏறியது. ஏறிய கையோடு, 1964இல், லீக் பட்டத்தை வென்றது. ஸ்னெல்லாவும் ஜெனீவாவிலிருந்து திரும்பி வந்திருந்தார். 1967இல் மறுபடி பட்டம்.

பிறகு பயிற்சியாளராக வந்தவர் அல்பேர் பத்தே. பெயர் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? 1958இல் பிரெஞ்சு தேசிய அணியை சுவீடனுக்கு அழைத்துப் போனவர் அவர்தான். எந்தப் பயிற்சியாளரின் உலகக் கோப்பைப் பட்டியலிலிருந்து ஓடினாரோ, பத்து ஆண்டு கழித்து அவர் கையின்கீழேயே மெக்லூஃபி ஆடினார். சேர்ந்து வென்றார்கள். மாலியிலிருந்து புதிதாக வந்த இளைஞர் சலீஃப் கெய்த்தாவும் அந்த அணியில் இருந்தார்.

1968 இறுதியாட்டத்தில் டி கோல் என்ன சொன்னார்?

1968 மே 12, கொலொம்ப் மைதானம். நினைவில் வைக்கச் சொன்னேனே, அதே இடம். பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் சென்ட் எத்தியென் போர்தோவை 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் மெக்லூஃபியுடையவை. லீக்கும் கோப்பையும் ஒரே ஆண்டில்.

நாளைக் கவனியுங்கள். இரண்டு இரவு முன்புதான் பாரீசின் மாணவர் பகுதியில் தடுப்பரண் எழுப்பிப் போலீசோடு மோதினார்கள். மறுநாள் பொது வேலைநிறுத்தம். நாடே தடுமாறிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஜனாதிபதி டி கோல் மைதானத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். கை குலுக்கும்போது மெக்லூஃபியிடம் 'பிரான்ஸ் என்றால் நீங்கள்தான்' என்றாராம். இந்த வாசகம் எங்கும் மேற்கோளாக ஓடுகிறது. அருகில் நின்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும், எவியானில் கையெழுத்துப் போட வைத்த மனிதரும் அந்தப் போரில் எதிர்த்தரப்புக்குப் போன வீரரும் கை குலுக்கியது போதும் எனக்கு.

சென்ட் எத்தியெனுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டங்களில் அது ஒன்று. அதற்குப் பின் கோர்சிகாத் தீவின் பஸ்தியா கிளப்பில் இரண்டு ஆண்டு.

பயிற்சியாளராக என்ன செய்தார்?

அல்ஜீரியத் தேசிய அணியைப் பல முறை வழிநடத்தினார். 1975இல் அல்ஜியர்ஸில் நடந்த மத்தியதரைக் கடல் விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில், கூடுதல் நேரம் வரை போன ஆட்டத்தில், அல்ஜீரியா 3-2 என்று வென்றது. தோற்றது பிரான்ஸ். இதற்கு விளக்கம் தேவையில்லை.

1982 உலகக் கோப்பையில் மஹியத்தீன் கலேஃபுடன் சேர்ந்து அணியைக் கவனித்தார். ஜூன் 16 அன்று ஹிஹோன் நகரில் மஜெரும் பெல்லூமியும் கோல் அடிக்க, மேற்கு ஜெர்மனியை 2-1 என்று சாய்த்தார்கள். பிறகு அதே நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், 1-0 என்றால் இருவரும் தேறலாம் என்று தெரிந்துகொண்டு, மீதி நேரம் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அல்ஜீரியா வெளியே. பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்ற விதி வந்தது அந்தக் கேவலத்துக்குப் பிறகுதான்.

அவரோடு போன மற்றவர்கள்?

எல்லோருக்கும் இரண்டாம் வாய்ப்பு கிடைக்கவில்லை. 1960இல் அணியில் சேர்ந்த லான்ஸ் கிளப்பின் அகமது உஜானி திரும்பிப் போய் 1963-64 பருவத்தில் பிரெஞ்சு முதல் பிரிவின் அதிக கோல் அடித்தவரானார். ஜிதூனி 1962இல் முப்பது வயதைத் தாண்டியிருந்தார். 1958இல் ரியல் மாட்ரிட் கண் வைத்திருந்ததாகப் பேசப்பட்ட அந்த மனிதர், சுதந்திர அல்ஜீரியாவிலேயே தங்கி உள்ளூர்க் கால்பந்தில் ஆடி, பயிற்சி கொடுத்து ஓய்ந்தார். உலகக் கோப்பையில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.